குஞ்சம் அறுத்த மாலை

அன்று காலை பேராச்சியின் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்.

பூக்கடைக்காரி பேராச்சி. அவளுடைய நாத்தனார் சொர்ணத்தாய். அடுத்த வீட்டு ஆட்டோக்காரர் செல்லையா. தூக்குவதற்கென்று வந்து, மழைக்கு வாசல் ஓரம் ஒதுங்கி நின்ற தெருக்காரர் நான்கு பேர். எல்லோருக்கும் பிந்தி, கையில் ஒரு கூடையோடு வந்த, பேராச்சியின் கடையில் மாலை கட்டுகிற ஆவுடையப்பன்.

ஆக எட்டுப் பேர்.

பெஞ்சில் கிடத்தியிருந்த கோயில்பிச்சையைச் சேர்த்தால் ஒன்பது. அவர் பேராச்சியின் புருஷன். விடியும் முன் எழுந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். அவள் சொம்போடு வருவதற்குள் போய்விட்டார்.

ஆவுடையப்பனுக்கு இது தெரியாது. அவன் பேராச்சியிடம் ஒன்று கேட்க வந்திருந்தான்.

வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் புரிந்தது. கூடையைக் கதவுக்குப் பின்னால் வைத்தான். ஈரச் சாக்கை இழுத்து நன்றாக மூடினான். பிறகு உள்ளே போய்த் தலைமாட்டில் நின்றான்.

பேராச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"வாரும்" என்றாள். "கேக்க வந்ததைக் கேளும்."

"இப்பப் போயி என்னத்தைக் கேக்க, மதினி."

"கேக்கணும்னுதானே வந்தீரு. மனசுல வச்சுக்கிட்டு நிக்காதீரும். அவருக்கும் கேக்கட்டும்."

அவள் ஈரத்துணியால் புருஷனின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆவுடையப்பன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"எட்டு வருசம் ஆச்சு. உங்ககிட்ட வந்த நாள்லேர்ந்து மொட்டாத்தான் கட்டுதேன். மொட்டாத்தான் குடுத்து அனுப்புதேன். எங்கேயோ ஒரு மண்டபத்துல, எவன் கழுத்துலயோ அது விரியுது. நான் கட்டுனதுல ஒண்ணாவது விரிஞ்சு நான் பாத்ததில்லை. என் வேலை நல்லாருக்கா இல்லையான்னு எனக்கே தெரியாது. அப்புறம் எப்படி மதினி என்னைக் கலைஞன்னு நான் சொல்லிக்கிட முடியும்?"

பேராச்சி துணியைப் பிழிந்தாள். மறுபடி நனைத்தாள். காது மடலைத் துடைத்தாள்.

அவன் நின்றான். பதில் வரவில்லை என்றதும் விலகிச் சுவரோரம் போனான்.

அவன் கேட்டது வெறும் கேள்வி இல்லை.

நகரத்தில் புதிதாக ஒரு கல்யாண மண்டபம் வந்திருந்தது. அங்கே வருஷம் முழுவதும் மேடை அலங்காரமும் மாலையும் ஒரே ஆளிடம் விடப் போகிறார்கள். வாசலிலேயே ஒரு கடை. கடைக்கு மேலே அந்த ஆளின் பெயர். பலர் கேட்டார்கள். முதலாளி கடைசியில் இரண்டு பேரை வைத்துக்கொண்டார். ஆளுக்கு ஒரு மாலை கட்டி எடுத்து வாருங்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு நான் பார்க்கிறேன் என்றார்.

அந்த ஆறு மணி இன்றைக்கு.

அந்த மாலைதான் கூடைக்குள் இருந்தது.

மாலையில் ஆவுடையப்பன் ஒரு வேலை செய்திருந்தான். மல்லிகை மொட்டுகளுக்கு நடுவே மருக்கொழுந்து வைத்து, கழுத்திலிருந்து அடிவரை ஒரு பச்சைக் கோடு இறக்கியிருந்தான். மொட்டாக இருக்கும்வரை கோடு தெரியும். மொட்டு விரியும்போது இரண்டு பக்கத்து இதழ்களும் ஒன்றை ஒன்று தொடும். கோடு மறையும். மாலை முழுவதும் ஒரே வெள்ளையாக நிற்கும். பார்த்துக்கொண்டிருப்பவரின் கண் எதிரிலேயே அது நடக்க வேண்டும்.

நெருக்கிக் கட்டினால் மொட்டு விரிய இடம் இருக்காது. தள்ளிக் கட்டினால் கோடு மறையாது. இந்த இடைவெளியைக் கண்டுபிடிக்க அவனுக்கு இரண்டு வருஷம் ஆனது.

மறையும் என்று அவன் கை சொன்னது. மறைந்து அவன் பார்த்ததில்லை.

இன்றைக்குத்தான் பார்க்கப் போகிறான். அதற்கு முன் பேராச்சியிடம் மாலையைக் காட்டி, போய் வாரும் என்று ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு கிளம்ப நினைத்திருந்தான். பஸ் இரண்டு மணிக்கு.

வெளியே மழை விடவில்லை.

சொர்ணத்தாய் தம்பியின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்து, பேச ஆரம்பித்திருந்தாள்.

"ஊருக்கெல்லாம் மாலை கட்டுன வீடு. எழவு வீடு, கல்யாண வீடு, கட்சி மீட்டிங்கு, எல்லாத்துக்கும் இங்கேருந்துதான் போச்சு. என் தம்பி வெறும் கழுத்தோட கிடக்கான்."

செல்லையா மெல்லச் சொன்னார்.

"சந்தையில பூவே இல்லை அக்கா. நான் விடிஞ்சதும் ஆட்டோவை எடுத்துட்டுப் போயிப் பாத்தேன். மூணு நாள் மழையில எல்லாம் அழுகிப்போச்சு. இருந்த கொஞ்சத்தையும் முகூர்த்தக்காரன் அள்ளிட்டுப் போயிட்டான்."

"கடையில நேத்துப் பூ இருக்குமே?"

"நேத்துக் கிழக்குத்தெருவுல ஒரு சாவு" என்றாள் பேராச்சி. "அங்கே போயிட்டு."

அந்தக் கடையில் ஒரு முறை உண்டு. உயிரோடு இருப்பவருக்கு அன்றைய மொட்டு. இறந்தவருக்கு முந்தின நாளில் மிஞ்சி விரிந்த பூ. இறந்தவர் சாயங்காலம்வரை காத்திருக்க மாட்டார், அவருக்கு மொட்டு எதற்கு என்பது கணக்கு. கோயில்பிச்சையே பல வருஷம் அப்படித்தான் பிரித்துப் பிரித்து வைத்தார்.

செல்லையா எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் மாலை இருந்தது. ஆட்டோவின் முன் கண்ணாடியில் தொங்கியது. சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. ஒண்ணுமில்லாததுக்கு இது..."

"ஏன், ஆரனையும் கழட்டிட்டு வாரும்" என்றாள் சொர்ணத்தாய். "என் தம்பி வழியில அடிச்சுக்கிட்டே போவான்."

வாசலில் நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டு, வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

செல்லையாவின் முகம் சுண்டிப்போனது.

பேராச்சி கையை நீட்டி அந்த மாலையைத் தொட்டாள். "உம்ம மனசு போதும். வண்டியில மாட்டும்" என்றாள்.

ஆவுடையப்பன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றான். கதவு அவனுக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது.

மல்லிகை மொட்டு வாசம் அடிக்காது. விரியும்போதுதான் வாசம் வரும். மருக்கொழுந்து வாசத்தை ஊதுபத்திப் புகை அமுக்கிவிட்டது. அதனால் அந்த வீட்டில் அப்படி ஒரு மாலை இருப்பது யாருக்கும் தெரியவில்லை.

சொர்ணத்தாய் அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏ ஆவுடை, நீயும் இங்கே தொழில் படிச்சவன்தானே. உனக்குக்கூட நாலு பூ கிடைக்கலையா?"

அவன் வாய் திறப்பதற்குள் பேராச்சி சொன்னாள்.

"அவரு எங்கே போயி வாங்குவாரு, இந்த மழையில."

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளைப் பார்த்தான். அவள் கதவைப் பார்க்கவில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இனி இந்தக் கடை எப்படி ஓடும்னு யோசிச்சியாட்டி?" என்றாள் சொர்ணத்தாய். "தாலி அறுத்தவ கட்டுன மாலையை எந்தக் கல்யாண வீட்டுக்காரன் வாங்குவான்? இந்த ஆவுடை கடையில இருந்தாத்தான் உண்டு. இவன் பேருல நடத்திக்கிடலாம்."

"அவரு நகரத்துக்குப் போறாரு."

"எப்போ?"

"இன்னைக்கு."

"பொணம் கிடக்கையிலயா?"

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

மணி ஒன்று ஆனது. குழி தோண்டப் போன ஆட்களிடமிருந்து செல்லையாவுக்குப் போன் வந்தது. குழிக்குள் தண்ணீர் ஊறுகிறதாம். நாலு மணிக்குள் எடுத்துவிட வேண்டுமாம்.

பேராச்சி எழுந்தாள். அவன் அருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"சாக்கு காஞ்சிருக்கும். தண்ணி தெளிச்சுக்கிடும். ஜன்னலோரம் வைக்காதீரும், காத்து பட்டா மொட்டு கறுத்துப்போகும். மடியில வச்சுக்கிட்டே போம்."

"மதினி..."

"ரெண்டு மணிக்கு வண்டி. போய் வாரும்."

அவன் வாங்க வந்த வார்த்தை அது. கிடைத்துவிட்டது. அவனால் நகர முடியவில்லை.

பேராச்சி பின்கட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது இடுப்பில் கடையின் குப்பைக்கூடை இருந்தது. நாரும் காம்பும் கழித்துப்போட்ட பூவும் கிடக்கிற கூடை. அதைப் புருஷனின் பக்கத்தில் கவிழ்த்தாள். கால் நீட்டி உட்கார்ந்தாள்.

குப்பையைக் கிளறி, ஒவ்வொன்றாக எடுத்தாள். காவி ஏறிய மல்லிகை. கசங்கிய சம்பங்கி. பாதி இதழ் உதிர்ந்த அரளி. ஒவ்வொன்றையும் ஊதினாள். காம்பை நேராக்கினாள். நாரில் வைத்துக் கட்டினாள்.

அவள் கை எப்போதும் போல நிதானமாகப் போய் வந்தது. முகூர்த்த மாலைக்குப் போடுகிற அதே முடிச்சு. அதே இறுக்கம். ஒரு பூ கோணலாக நின்றது. பிரித்து மறுபடி கட்டினாள்.

"அந்த அழுகலுக்கு என்னத்துக்குட்டி இந்தப் பாடு" என்றாள் சொர்ணத்தாய். குரல் உடைந்திருந்தது. "மண்ணுக்குள்ள போறதுதானே. யாரு பாக்கப்போறா?"

பேராச்சி அடுத்த பூவை எடுத்தாள்.

ஆவுடையப்பன் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு முழம் ஆகும்வரை பார்த்தான்.

பிறகு கதவுக்குப் பின்னால் போனான். சாக்கை விலக்கினான்.

அவன் மாலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தபோது வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். செல்லையா எழுந்து நின்றுவிட்டார்.

பேராச்சி மட்டும் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"அதைக் கொண்டுபோயி உள்ள வையும். அது ஆறு மணி மாலை."

"தெரியும், மதினி."

"நாலு மணிக்கு எடுத்திருவாங்க."

"தெரியும்."

"குழிக்குள்ள போயி விரியும்."

அவன் மாலையை இறக்கவில்லை.

"வேற மாலை கட்ட உமக்குப் பூவும் இல்லை, நேரமும் இல்லை. மண்டபத்துக்காரன் இன்னொருத்தனுக்குக் குடுத்திருவான்."

"குடுக்கட்டும்."

அவள் இப்போது நிமிர்ந்தாள். மாலையைப் பார்த்தாள். மேலிருந்து கீழே அந்தப் பச்சைக் கோட்டின் வழியாக அவள் கண் மெதுவாக இறங்கியது. ஒரு மொட்டை விரலால் நகர்த்தி, அடுத்த மொட்டுக்கும் அதற்கும் நடுவே இருந்த இடத்தைப் பார்த்தாள். விரலை எடுத்தாள்.

நல்லா இருக்கு என்று சொல்வாள் என எதிர்பார்த்தான். சொல்லவில்லை.

"போடும்" என்றாள்.

அவன் குனிந்து கோயில்பிச்சையின் கழுத்தில் மாலையைச் சாத்தினான். பேராச்சி தான் கட்டிய சரத்தை முடித்து அவர் காலடியில் வைத்தாள்.

சொர்ணத்தாய்தான் சொன்னாள்.

"குஞ்சத்தோட போடக்கூடாதே."

அந்தத் தெருவில் அது வழக்கம். குஞ்சம் தொங்குகிற மாலை கல்யாண மாலை. இறந்தவருக்குக் குஞ்சம் ஆகாது.

ஆவுடையப்பன் மாலையில் கடைசியாகக் கட்டியது அந்தக் குஞ்சம்தான். பச்சைக் கோடு வந்து முடிகிற இடம்.

"நான் பிரிச்சு எடுக்கேன்" என்றான். முடிச்சு பிடிபடவில்லை.

பேராச்சி அவன் கையை விலக்கினாள். இடுப்பில் செருகியிருந்த நார் அறுக்கும் பிளேடை எடுத்தாள். ஒரே இழுப்பு.

குஞ்சம் தரையில் விழுந்தது. நார் அவிழ்ந்து மொட்டுகள் சிதறின. அதற்குள் தெருக்காரர்கள் நான்கு பேரும் ஈரக்காலோடு உள்ளே வந்துவிட்டார்கள்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் முன்பே எடுத்தார்கள்.

பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். ஆவுடையப்பன் உடன் போனான். இடுகாட்டுப் பாதையில் முழங்கால்வரை சேறு. ஒருவர் வழுக்கியபோது தோள் மாற்றிக்கொண்டான். அதன் பிறகு கடைசிவரை அவன்தான் தூக்கினான்.

குழிக்குள் இறக்கியதும், மண் தள்ளும் ஆள் மாலையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"நல்ல மாலையா இருக்கே. எடுத்து மேல போட்டிரவா? மண்ணு மேல கிடந்தா நாலு பேரு பாப்பாங்க."

ஆவுடையப்பன் கொஞ்ச நேரம் யோசித்தான். உள்ளதைச் சொன்னால், எடுங்கள் என்று சொல்லத்தான் அவனுக்கு நாக்கு எழுந்தது. மேலே கிடந்தால், ஆறு மணிவரை அங்கேயே நின்றால், அவனே பார்த்துவிடலாம்.

"வேண்டாம்" என்றான். "அவருக்குப் போட்டது."

முதல் மண் விழுந்தபோது பச்சைக் கோடு இன்னும் தெரிந்தது. மொட்டுகள் இறுக மூடியிருந்தன.

பிறகு தெரியவில்லை.

குளித்துவிட்டு அவன் திரும்பி வந்தபோது வீடு கழுவிவிடப்பட்டிருந்தது. பெஞ்சு கிடந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்தது. சொர்ணத்தாய் பின்கட்டில் படுத்திருந்தாள். செல்லையா இல்லை. தெருக்காரர்களும் போய்விட்டார்கள்.

பேராச்சி விளக்கின் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அவன் விளக்கைக் கும்பிட்டான். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவன் சட்டைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்தான்.

"எங்கேய்யா இருக்கீரு?" மண்டபத்து மேனேஜர். "முதலாளி வந்து உக்காந்தாச்சு. இன்னொருத்தர் மாலையை விரிச்சு வச்சிட்டாரு."

"நான் வரலை, சார்."

"வரலையா? மாலை என்னாச்சு?"

"ஒருத்தருக்குப் போட்டாச்சு."

"விளையாடுதீரா? அப்புறம் வந்து கையைப் பிசையக்கூடாது, ஆமா."

"சரி சார்."

போனைப் பைக்குள் வைத்தான். மணி ஆறு.

அவன் எழுந்து நின்றான். மறுபடி உட்கார்ந்தான். இடுகாட்டுப் பக்கம் இருந்த ஜன்னலைப் பார்த்தான். அங்கே மழையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

அப்போதுதான் விளக்கடியில் இருந்த தட்டைக் கவனித்தான். வீடு கழுவும்போது பேராச்சி பொறுக்கி வைத்திருந்தாள். அறுத்த குஞ்சத்தின் மொட்டுகள்.

விளக்கை நகர்த்தி வைத்துக்கொண்டு அவன் தட்டுக்கு முன்னால் குனிந்தான். அப்படியே இருந்தான். கண் இமைக்காமல் பார்த்தான்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு மொட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். ஜில்லென்றிருந்தது. நுனி கறுத்திருந்தது. மோந்து பார்த்தான். மண்வாசம்தான் வந்தது.

"இது விரியலையே, மதினி" என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அதே செடிதான். ஒரே நேரத்துல பறிச்சது. இது விரியலைன்னா..." அவன் மொட்டை விளக்கருகே கொண்டுபோனான். "அதுவும் விரிஞ்சிருக்காது. கோடும் மறைஞ்சிருக்காது. ரெண்டு வருசக் கணக்கு தப்பாப் போச்சு. வீணாக் கொண்டுபோயிப் புதைச்சிட்டேன்."

"கோடு மறைஞ்சிட்டு" என்றாள் பேராச்சி.

"நீங்க அந்தப் பக்கமே வரலையே."

"வரலை."

"பின்னே எப்படித் தெரியும்?"

அவள் கையை நீட்டி, அவன் உள்ளங்கையில் இருந்த மொட்டை எடுத்துத் தட்டில் திரும்பப் போட்டாள்.

"இது நான் அறுத்தது" என்றாள். "அது நீரு கட்டுனது."

ஆவுடையப்பன் அவளைப் பார்த்தான்.

அவள் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. தட்டையும் பார்க்கவில்லை.

பிறகு அவளே கேட்டாள்.

"நாளைக்கு விடிய, குழியில பால் ஊத்தணும். வேற பூ கிடைக்காது. தட்டுல எத்தனை இருக்கு?"

அவன் எண்ணினான்.

"பதினேழு."